நண்பகலின் பிளாக் மெட்டல்

2011ஆம் ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ‘பாட்டனிஸ்ட்’ என்ற பெயரில் ஓர் இரட்டை ஆல்பம் வெளிவந்தது. பிளாக் மெட்டல் என்று அறிவித்துக்கொண்ட அந்த ஆல்பத்தில் கித்தாரே கிடையாது. டிரம்ஸ் இடிக்கிறது, குரல் கரகரக்கிறது. கித்தார் இருக்க வேண்டிய இடத்தில் டல்சிமர் ஒலிக்கிறது. கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் அந்தக் கருவி நம் சந்தூருக்கு உறவு. பாட்டுகள் எல்லாம் செடிகொடிகளைப் பற்றியவை. மனித குலம் ஒழிந்து தாவரங்கள் பூமியை மீட்டுக்கொள்ளும் நாளுக்காகக் காத்திருக்கும் பித்துப்பிடித்த ஒரு தாவரவியலாளர்தான் கதைசொல்லி. முதல் பகுதிக்கு ‘தற்கொலை மரம்’ என்று தலைப்பு. ஆங்கிலத்தில் அந்தப் பெயரால் அறியப்படும் மரம் கேரளத்துக் காயலோரங்களில் வளர்கிறது. மலையாளிகள் அதை ஒதளம் என்கிறார்கள், தமிழில் காட்டரளி. அதன் விதை நஞ்சு.

கலிஃபோர்னியாக்காரர் ஒருவருக்கு நம் கரையோர மரம் பாடுபொருளாகிவிட்டது. இயற்கையைப் பாடும் பிளாக் மெட்டல் இன்று நார்வே முதல் அமெரிக்கா வரை தனிக்கிளையாகப் பரவியிருக்கிறது. அந்தக் கிளையில் எது தேறியது, எது வெறும் படம் காட்டியது? சென்னையிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் சேஷாசல மலையை, சித்தூர் திருப்பதி வட்டாரத்து வறண்ட காட்டை, இந்த இசை பாட வந்தால் எதைக் கைக்கொள்ள வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பனிநாட்டில் தொடங்கியது

பெயரைக் கொடுத்தது இங்கிலாந்தின் ‘வெனம்’ குழு. 1982இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்பே ‘பிளாக் மெட்டல்’. இசைக்கு உருவம் கொடுத்தவர்கள் 1990களின் தொடக்கத்து நார்வே இளைஞர்கள்: மேஹெம், டார்க்த்ரோன், பர்ஸம், எம்பரர். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிப் பிணக்கோலம் போட்டுக்கொண்டார்கள். 1992இல் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேஹெமின் கித்தார் கலைஞர் யூரோனிமஸைப் பர்ஸமின் வார்க் விகர்னெஸ் குத்திக் கொன்றார். உலகப் பத்திரிகைகளுக்கு இந்த வகை இசை அறிமுகமானது குற்றச் செய்தியாகத்தான்.

செய்தியை ஒதுக்கிவிட்டுக் காதைக் கொடுத்தால் வேறொன்று கேட்கும். ஒரே சுரத்தை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் மீட்டுவதை ட்ரெமோலோ என்கிறார்கள். அத்தனை வேகத்தில் தனித்தனித் தட்டுகள் காதில் விழுவதில்லை. தகரக் கூரையில் அடைமழை பெய்வதுபோல் ஒரே பரப்பாக ஒலி விரிகிறது. டிரம்ஸும் அப்படித்தான். ‘பிளாஸ்ட் பீட்’ எனப்படும் அடி ஓர் எல்லையைத் தாண்டிய பிறகு வேகம் மறந்துபோய், அசைவற்று நிற்பது மாதிரி தோன்றும். இந்தப் பரப்புக்குள் மெதுவாக ஒரு மெட்டு நகரும். ஒலிப்பதிவை வேண்டுமென்றே மட்டமாக வைத்துக்கொண்டார்கள். காற்று, பனிப்பொழிவு, தொலைவு ஆகியவற்றைச் சொல்ல இந்த முறை தோதாக அமைந்துவிட்டது. சொல்லே புரியாத நிலையிலும் கேட்பவர் ஒரு நிலப்பரப்பை உணர்வதற்கு இதுவே காரணம்.

நார்வேக்காரர்களுக்குக் காடு ஒரு வாதமாகவும் இருந்தது. கிறித்தவம் வருவதற்கு முந்தைய நம்பிக்கைகள் காட்டிலும் மலையிலும் பதுங்கியிருப்பதாக அவர்கள் கருதினார்கள். அதை இசையாக்கிய முதல் பெரிய ஆல்பம் 1995இல் ‘உல்வர்’ குழு வெளியிட்ட ‘பெர்க்தாத்’. மலைக்குள் பூதங்களால் கவர்ந்து செல்லப்படும் ஒரு பெண்ணின் நாட்டார் கதை அதில் ஐந்து அத்தியாயங்களாக வருகிறது. மெட்டல் ஓய்ந்து நரம்பிசை வரும் இடங்கள் உண்டு; அலறல் நின்று தேவாலயப் பாடகர்கள் மாதிரி அமைதியாகப் பாடும் இடங்களும் உண்டு. அடுத்த ஆண்டே அதே குழு மின்கருவி எதுவுமின்றி ‘க்வெல்ட்ஸாங்கர்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. பிளாக் மெட்டலின் சாரம் இரைச்சலில் மட்டும் இல்லை என்று அன்றே காட்டிவிட்டார்கள்.

காட்டுக்குப் போன நான்கு வழிகள்

அதன் பின் வந்தவர்களை நான்கு அணிகளாகப் பிரிக்கலாம்.

முதல் அணிக்குக் காடு ஒரு திரைச்சீலை. நார்வேயின் ‘இம்மார்ட்டல்’ குழு பிளாஷிர்க் என்று ஒரு பனி உலகத்தைக் கற்பனையில் படைத்து, ஆல்பம் ஆல்பமாக அதையே பாடியது. ரசிக்கலாம், ஆனால் அந்தப் பனியில் ஒரு செடிக்கும் பெயர் இல்லை. அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் அட்டையில் மூடுபனிக் காட்டின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டதோடு நிறுத்திக்கொண்டன.

இரண்டாவது அணி நிலத்தில் வாழப் போனது. அமெரிக்காவின் ஒலிம்பியா நகரைச் சேர்ந்த ஆரன், நேத்தன் வீவர் சகோதரர்கள் பண்ணை வாழ்க்கை நடத்தியபடி ‘உல்வ்ஸ் இன் தி த்ரோன் ரூம்’ குழுவை நடத்தினார்கள். அவர்களுடைய ‘டூ ஹண்டர்ஸ்’ (2007) பாட்டுகள் நீளமானவை, அவசரப்படாதவை. போர்ட்லண்டின் ‘அகல்லாக்’ குழுவும் ‘தி மேன்டில்’ (2002) ஆல்பத்தில் இதே பசிபிக் கரையோரத்து மழைக்காட்டைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றாவது அணி காட்டைக் கருவிக்குள் கொண்டுவந்தது. ருமேனியாவின் ‘நெகுரா புங்கெட்’ குழு ‘ஓம்’ (2006) ஆல்பத்தின் காலத்திலேயே தன் மலைநாட்டுப் புல்லாங்குழல்களையும், மடாலயங்களில் மணிக்குப் பதிலாக அடிக்கும் மரப்பலகையையும் மெட்டலோடு சேர்த்தது. பாட்டனிஸ்டின் டல்சிமரும் இந்த அணிதான். பாட்டனிஸ்ட் ‘எகோசிஸ்டம்’ (2019) ஆல்பம் முழுவதையும் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரக்காட்டுக்கு ஒதுக்கியது. 2024இல் தொல்தாவரங்களுக்கு ஓர் ஆல்பம். இவர்களிடம் இயற்கை பொதுச்சொல்லாக நிற்பதில்லை. மரத்துக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு தனி ஒலியும் உண்டு.

நான்காவது அணியில் முதலில் சொல்ல வேண்டியவர் ‘பனாப்டிகான்’ ஆஸ்டின் லன். 2012இல் வந்த ‘கென்டக்கி’ ஆல்பம் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. அந்த மாநிலத்து மலைவாசிகளின் பாஞ்சோவும் ஃபிடிலும் பிளாக் மெட்டலுடன் மாறி மாறி வருகின்றன. சுரங்கத் தொழிலாளர்களின் பழைய போராட்டப் பாட்டுகள் வருகின்றன. அவர்களுடைய பேச்சுக் குரல்களும் பதிவாகியுள்ளன. கரிக்காக மலையின் உச்சியையே வெடிவைத்துத் தகர்க்கும் ஊரில், மலையின் அழிவும் உழைப்பவரின் நுரையீரல் அழிவும் ஒரே கதை. இயற்கையைப் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே உழைத்துச் சாகிற மனிதனை விட்டுவிட முடியாது என்பதை இந்த வகை இசையில் முதலில் அழுத்தமாகச் சொன்ன ஆல்பம் இது. நான்கு அணிகளையும் எடைபோட்டால் தராசு இந்தப் பக்கமே சாய்கிறது.

மண்பற்று வழுக்கும் இடம்

இதில் ஒரு பள்ளமும் உண்டு. காட்டைப் போற்றுகிறவர் சட்டென்று ‘எங்கள் காடு’ என்பார். அடுத்த மூச்சில் ‘எங்கள் இரத்தம்’ என்பார். விகர்னெஸ் அந்த வழியில் இனவெறிக்குப் போனவர். ஐரோப்பாவில் நாஜிச் சார்புள்ள பிளாக் மெட்டல் ஒரு சிறு சந்தையாகவே நடக்கிறது. வீவர் சகோதரர்களும் ஆஸ்டின் லன்னும் இடதுசாரிச் சூழலியலின் பக்கம் நின்றவர்கள் என்பதால் இந்த வேறுபாடு கண்கூடு. ஆதித் தூய்மையைத் தேடுகிறவர் கடைசியில் யாரையாவது வெளியேற்றத்தான் பார்ப்பார். ‘இங்கே என்ன நடந்தது’ என்று கேட்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

சித்தூர் வட்டாரத்துக்கு இது வெறும் ஐரோப்பியச் செய்தி இல்லை. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பைப் பகுதிகளைச் சேர்த்து உருவான இந்த மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே தங்கியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று மக்கள் வாழ்கிறார்கள். இந்த மலை யாருடையது என்று பாடத் தொடங்கினால் பழைய எல்லைச் சண்டைதான் திரும்பி வரும்.

நம் பக்கத்து முயற்சிகள்

தெற்காசிய மரபைப் பாடும் மெட்டலில் முன்னோடி என்றால் சிங்கப்பூரின் ‘ருத்ரா’வைச் சொல்ல வேண்டும். 1992இல் தொடங்கிய குழு. பாடகர் கதிரின் தலைமையில் உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத், பிளாக் மெட்டல் கலவையில் தந்தார்கள். ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயரே அவர்களால் நிலைபெற்றது. 2013இல் வந்த ஆல்பத்துக்குப் பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும் ‘ருத’ என்று தலைப்பு வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய இயற்கை தத்துவத்தின் உயரத்தில் இருக்கிறது. ஓர் ஊர், ஓர் ஏரி என்று இறங்கி வருவதில்லை. மும்பையின் ‘டிமானிக் ரெசரெக்ஷன்’ 2017இல் ‘தசாவதார்’ ஆல்பத்தில் மீனையும் ஆமையையும் பன்றியையும் பாடியது. திருமலையில் வேங்கடவனுக்கு முன்பு வராகசுவாமியைத் தரிசிப்பது மரபு என்பதை அறிந்த ஒருவருக்கு, பூமியைக் கொம்பில் தாங்கிய பன்றி இன்னும் நெருக்கமான பாடுபொருளாகியிருக்கும். கண்ணூரின் ‘தி டவுன் ட்ரொடன்ஸ்’ நாட்டார் இசையையும், தில்லியின் ‘பிளட்டிவுட்’ டோல் மேளத்தையும் மெட்டலுக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கின. கொல்கத்தாவின் ‘ஹீத்தன் பீஸ்ட்’ பிளாக் மெட்டலை அரசியல் கோபத்துக்குப் பயன்படுத்துகிறது.

புராணம், தாளம், அரசியல் மூன்றும் நம்மிடம் வந்துவிட்டன. குறிப்பிட்ட ஒரு காட்டின் பெயரைச் சொல்லி, அங்கே நடப்பதைச் சொல்லும் ஆல்பம்தான் பேசும்படியாக வரவில்லை. அதற்கு மிக அருகில் வந்த தமிழ் முயற்சி மெட்டல் உலகத்துக்கு வெளியே நடந்தது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய இடத்திலேயே கர்நாடக இசை ஒலித்தது. ஆஸ்டின் லன் கென்டக்கியில் செய்ததும் இதுவே.

வேங்கடம் ஒரு பாலை

நிலத்துக்கும் இசைக்கும் உறவு கற்பிக்கப் பிளாக் மெட்டலுக்கு நார்வே வேண்டியிருந்தது. தமிழ் இலக்கணம் அதை முன்பே செய்துவிட்டது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் மரமும் விலங்கும் தொழிலும் போலப் பறை, யாழ், பண் ஆகியவையும் அடக்கம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி. நிலம் மாறினால் கருவி மாற வேண்டும் என்பது நம் கவிதையியலின் விதி. பாட்டனிஸ்டும் நெகுரா புங்கெட்டும் தட்டுத் தடுமாறி வந்துசேர்ந்த இடம் இதுதான்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தை, அதாவது இந்தத் திருப்பதி மலையை, சொல்கிறது. அகநானூற்றில் வேங்கடம் பெரும்பாலும் பாலைப் பாட்டுகளில் வருகிறது. பொருள் தேடப் பிரிந்த தலைவன் கடக்க வேண்டிய வெயில் காடு அது. யானைகள் திரியும் காடு, கள்வர் தலைவன் புல்லியின் காடு. மலைக்கு அப்பால் வேறு மொழி பேசும் நாடு. வீட்டில் காத்திருப்பவள் அந்தக் காட்டின் கொடுமையை நினைத்து நினைத்து வாடுகிறாள்.

பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுது வேனில், கூடவே பின்பனி. ஆக நார்வேயின் நள்ளிரவையும் பனியையும் அப்படியே இறக்குமதி செய்தால் சேஷாசலம் அதில் அகப்படாது. இங்கே அச்சம் வெளிச்சத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் இலையுதிர்த்த மரங்கள், பழுக்கக் காய்ந்த குவார்ட்சைட் பாறை, எங்கோ புகையும் காட்டுத்தீ, காதை அடைக்கும் சிள்வண்டு. அந்தச் சிள்வண்டின் ஓயாத இரைச்சல்தான் இந்தக் காட்டின் ட்ரெமோலோ. வடகிழக்குப் பருவமழை வந்ததும் தலக்கோனா அருவியில் தண்ணீர் கொட்டும், காடு பச்சை கட்டும். ஒரே ஆல்பத்துக்குள் இரண்டு உலகம் வைக்கலாம்.

பாட்டனிஸ்ட் மாதிரி செடியின் பெயர் சொல்லிப் பாட விரும்புகிறவருக்கும் இங்கே பஞ்சமில்லை. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட ‘சைகஸ் பெட்டோமி’, டைனோசர் காலத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பாறை இடுக்குகளில் தங்கப் பல்லி வாழ்கிறது. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், பழைய கிரானைட்டின் மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி விட்டுப் படிந்த பாறை அடுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் கோவிந்தா சொல்லியபடி அந்த இடைவெளியைத் தாண்டிப் போகிறார்கள். பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் மலையடிவாரத்தில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது.

அகநானூற்று யானைகளும் இன்று வெறும் இலக்கியமாக இல்லை. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக யானையே இல்லாதிருந்த சித்தூர்ப் பகுதிக்கு 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து கூட்டங்கள் வந்தன. அவற்றுக்காகவே 1990இல் பலமநேர், குப்பம் பகுதியில் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. கரும்பையும் நெல்லையும் பறிகொடுக்கும் விவசாயியின் பாட்டும் அங்கே சேர்ந்தே வர வேண்டும்.

கங்கம்மாவின் கரியும் சுண்ணமும்

தேவாலயத்துக்கு எதிராகக் காட்டை நிறுத்தியது நார்வே பிளாக் மெட்டல். அந்த எதிர்நிலை திருப்பதியில் செல்லுபடியாகாது. இங்கே மலையே சாமி. ஏழு மலையும் ஆதிசேஷனின் ஏழு தலை. சாமியைத் திட்டி அதிர்ச்சி கொடுக்கலாம் என்று வருகிறவருக்கும் ஏமாற்றம்தான், ஏனென்றால் அந்தக் காரியத்தை ஊரே ஆண்டுதோறும் செய்கிறது.

மே மாதத்து அக்கினி வெயிலில் திருப்பதி தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நடக்கும். கங்கம்மா வேங்கடவனுக்குத் தங்கை முறை. பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனை அவள் வேடம் மாற்றி மாற்றித் தேடி வதைத்ததாகக் கதை. அதனால் நாளுக்கொரு வேஷம். பைராகி வேஷத்தில் உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிக்கொள்கிறார்கள். பண்ட வேஷத்துக்குக் குங்குமச் சிவப்பு. அன்றைக்குக் கெட்ட வார்த்தையில் திட்டுவதற்கு உரிமை உண்டு. தோட்டி வேஷத்துக்கு அடுப்புக் கரி பூசி வேப்பிலை கட்டிக்கொள்கிறார்கள். தொர வேஷத்துக்குச் சந்தனம். ஆண்கள் சேலை கட்டிப் பெண் வேடம் போடுகிறார்கள். கடைசியில் கோயில் முன்பு களிமண்ணால் செய்த அம்மனின் பெரிய முகம் கலைக்கப்படும்போது, மண்ணை ஒரு பிடி பெறக் கூட்டம் முண்டியடிக்கும். அது நோய்க்கு மருந்து.

வெள்ளை, கரி, வசை, கொலைக்கதை, பறை. பிளாக் மெட்டல் மேடையில் இருக்கும் எல்லாமே இங்கே தெருவில் இருக்கிறது. ஒரு வேறுபாடு முக்கியம்: நார்வேயில் பிணக்கோலம் சமூகத்திலிருந்து விலகியதன் அடையாளம். ஜாத்திரையில் கரி பூசுவது நேர்த்திக்கடன், ஊரோடு சேர்வதன் அடையாளம். இந்த வேஷங்களை வெறும் மேடை ஒப்பனையாக எடுத்துக்கொள்கிற குழு, முன்னே சொன்ன திரைச்சீலை அணியில்தான் போய்ச் சேரும்.

செம்மரம்

கடைசியாக, இந்தக் காட்டின் தலைமகனுக்கு வருவோம். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் மட்டுமே: சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் பக்கம். கல்லும் கரடுமான நிலத்தில் மிக மெதுவாக வைரம் பாயும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். சீனத்தில் அரச மரபு நாற்காலிகளுக்கும் அலமாரிகளுக்கும் இதைக் கேட்கிறார்கள். ஜப்பானில் மூன்று நரம்புள்ள ஷாமிசென் வாத்தியத்தின் நீண்ட கழுத்துக்கு இதைவிட உயர்ந்த மரம் இல்லை என்கிறார்கள். அலை அலையாக ரேகை ஓடும் கட்டைக்குத் தனி மதிப்பு. 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2018இல் அபாயம் சற்றுக் குறைந்ததாக மதிப்பிட்ட பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 2021இல் மறுபடி அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வெட்டுகிறவர் கையில் வருவது கூலி மட்டும். அந்தக் கூலிக்காகத் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மலை கிராமங்களிலிருந்து ஆண்கள் வேங்கடக் காட்டுக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழகத்துக் கூலிகள். கோடரியும் கல்லும் கொண்டு தாக்கியதால் சுட்டோம் என்றது காவல் துறை. அது மோதலே இல்லை என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணையைக் கையிலெடுத்தது.

பொருள் தேடி வேங்கடம் கடந்தவன், மலைக்கு அப்பால் வேறு மொழி, வீட்டில் காத்திருக்கும் பெண்: பாலைத் திணை ஈராயிரம் ஆண்டுக்கு முன் வகுத்த அதே வரைபடத்தில், அதே காட்டில், அதே வேனிலில் இது நடந்தது. அந்தக் காட்டின் மரம் தூரதேசத்தில் இசைக்கருவியாகிறது. இயற்கை, உழைப்பு, இசை மூன்றும் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் கென்டக்கியில்கூடக் கிடையாது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

இயற்கையைப் பாடிய பிளாக் மெட்டல் ஆல்பங்களில் நிலைத்தவை, இடத்தின் பெயரையும் உயிரின் பெயரையும் சொன்னவை. அந்த நிலத்தின் கருவியைக் கையில் எடுத்தவை. அங்கே உழைப்பவரை மறைக்காதவை. இந்த மூன்று அளவுகோல்களும் பெங்களூரிலும் சென்னையிலும் திருப்பதியிலும் கித்தாரோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்குப் பொருந்தும். பனிக்காட்டுப் படத்தை அட்டையில் போடாதீர்கள். நள்ளிரவை நார்வேக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள். துடியையும் உறுமியையும் ஜாத்திரைப் பறையையும் வாசிக்கிறவர்களைக் கூலிக்கு அழைக்காமல் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெலுங்கிலும் தமிழிலும் பாடுங்கள், இரண்டும் அந்த மலையின் மொழிகளே. ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போய், செம்மரம் வெட்டப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் பேசுவதைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் வேறு பாடுபொருள் தேடிக்கொள்வது நல்லது.